மூன்றாம் நாளும் மழை

(இங்கிலாந்தின் கோர்ன்வால் கடற்கரையில் ஒரு முகாம் திடல். ஆகஸ்ட் மாதத்துக் காலை. இலண்டனிலிருந்து வந்த கணவரும் மனைவியும் கூடார வாசலில் இருக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் உள்ளே உறங்குகிறார்கள். பாட்டி காரில் இருக்கிறார்.)

மனைவி: இஞ்சருங்கோ, வெளியே மழை விட்டுக் கால் மணி நேரமாகிறது. ஆனால் உள்ளே என் தலையணையின்மேல் மட்டும் இன்னமும் சொட்டிக்கொண்டிருக்கிறதே, அது எந்த மழை?

கணவர்: அது மழையன்று. இரவு முழுவதும் நாம் நால்வரும் விட்ட மூச்சின் ஈரம் குளிர்ந்த கூடாரச் சீலையில் பட்டு, நீராகி இறங்குகிறது. பௌதிகம் படித்தவர் நீர், உமக்குத் தெரியாதா?

மனைவி: தெரியும். அந்த நால்வரில் மூவர் மூச்சுதான் விட்டோம். ஒருவர் விட்ட குறட்டைக்குத் திடலின் மறுமுனையிலிருந்து ஒரு நாய் விடியும்வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தது. என் தலையணை யாரால் நனைந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

கணவர்: கோபப்படாதேயும். இந்த நிலம் அத்திலாந்திக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. தென்மேற்குக் காற்று சுமந்துவரும் ஈரமெல்லாம் முதலில் இங்கேதான் இறங்கும். இதற்கு நான் என்ன செய்ய?

மனைவி: நீங்கள் பெப்ரவரியில் முன்பணம் கட்டியபோதும் மூக்கு அங்கேதானே இருந்தது?

கணவர்: மழைக்கென்றே தனியாக ஒரு திட்டமும் நான் போட்டுவைத்திருந்தேன் என்பதை நீர் மறக்கக்கூடாது. கரம் பலகையை யார் நினைவாக எடுத்துவந்தது?

மனைவி: பலகையை எடுத்துவந்தவர், கூடாரத்தைச் சரிவில் அடித்துவிட்டார். காய்களெல்லாம் நீங்கள் உட்கார்ந்த பக்கமே சறுக்கின. பத்து ஆட்டத்திலும் நீங்களே வென்றீர்கள். சின்னவன் அழுதுகொண்டே தூங்கினான். ஏழு வயதுப் பிள்ளையை மண்ணின் சாய்வைக் கொண்டு தோற்கடித்துவிட்டு, “மூலைக்குழியைப் பார்த்து அடிக்கப் பழகு” என்று அவனுக்கு அறிவுரை வேறு சொன்னீர்கள்.

கணவர்: சரி, அது போகட்டும். அடுப்பை உள்ளே வைத்துத் தேத்தண்ணீர் போடுவோமா? கூடாரமும் சற்றுச் சூடாகும்.

மனைவி: கூடாரத்துக்குள் எரிவாயு அடுப்பை மூட்டினால் காபன் மொனொக்சைட்டு நிறைந்து, மணமும் குணமும் தெரியாமல் ஆளையே முடித்துவிடும் என்று வரவேற்பறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்ப் போடுங்கள்.

(கணவர் ஒரு கையில் குடையும் மறு கையில் கேத்தலுமாகப் போய் நனைந்து திரும்புகிறார்.)

கணவர்: நேற்றாவது நல்ல நாள் அல்லவா? வெண்களி தோண்டிய பழைய பள்ளத்தில் 2001ஆம் ஆண்டு திறந்த ஈடன் திட்டம் உலகப் புகழ் பெற்றது. ஏறக்குறைய 50 மீற்றர் உயரமான குமிழி வடிவக் கூடத்துக்குள் ஒரு மழைக்காட்டையே வளர்த்து வைத்திருக்கிறார்கள். மழை நாளுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இந்தக் கோர்ன்வாலிலேயே கிடையாது.

மனைவி: மழையிலிருந்து தப்புவதற்கு மழைக்காட்டுக்கு அழைத்துப்போன முதல் மனிதர் நீங்கள்தான். வெப்பம் 35 பாகைவரை ஏறும் என்று எழுதிப் போட்டிருந்த இடத்தில், மூன்று கம்பளிச் சட்டைகளோடு ஐந்து பேரும் வியர்த்து நின்றோம். அங்கே வாழைமரத்தைக் கண்ட மாமி என்ன செய்தார் என்பதையும் சொல்லுங்கள்.

கணவர்: அம்மா கேட்டதில் பிழையில்லை. பொத்தியை உரிய காலத்தில் முறிக்காவிட்டால் காய் திரளாது என்பது அவருடைய அனுபவம்.

மனைவி: கேட்டதில் பிழையில்லை, முறித்துத் தருவதற்கு அந்தக் காவலரிடம் கத்தி கேட்டதுதான் பிழை. காசு கட்டி வாழைமரம் பார்க்கவந்த குடும்பம் என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறியவர், இன்னமும் இறங்கவில்லை. இரவும் அங்கேதான் படுத்தார். கூடாரத்துக்கு வரச்சொன்னால், தான் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தது ஒருமுறை போதும் என்கிறார்.

கணவர்: (சிறிது நேரம் கழித்து) அதற்கு நான் பதில் சொல்ல முடியாது. இன்று லூவுக்குப் போவோம்.

மனைவி: அந்தத் துறைமுக ஊரின் பெயரை மாமியிடம் இப்படி மொட்டையாகச் சொல்லாதீர்கள். இங்கே கழிப்பறையையும் லூ என்றுதானே சொல்கிறார்கள். அதற்கு ஏன் ஐந்து பேரும் சேர்ந்து போகவேண்டும் என்று நேற்றே கேட்டார்.

கணவர்: அங்கே துறைமுகச் சுவரில் உட்கார்ந்து நண்டு பிடிப்பது இந்த நாட்டுப் பிள்ளைகளின் பெரிய பொழுதுபோக்கு. தூண்டில் முள் வேண்டாம். ஒரு கயிற்று நுனியில் சிறிய வலைப்பையைக் கட்டி, அதற்குள் பன்றியிறைச்சித் துண்டை வைத்து இறக்கினால் போதும். நண்டு தானாகவே பற்றிக்கொண்டு மேலே வரும்.

மனைவி: வந்த பிறகு?

கணவர்: கடல்நீர் உள்ள வாளியில் போட்டு, பார்த்துவிட்டு, திரும்பவும் கடலிலே விடவேண்டும்.

மனைவி: பிடித்த நண்டை விடுவதற்கா இருநூற்றைம்பது மைல் வந்தோம்? இதை மாமியிடம் நீங்களே சொல்லுங்கள். அதோடு, மாமி இருக்கும் காரில் பன்றியிறைச்சி ஏறாது.

கணவர்: வேறு என்ன இருக்கிறது?

மனைவி: குழம்புக்கென்று கொண்டுவந்த நெத்தலிக் கருவாடு இருக்கிறது. இன்னொன்று, இப்போது கிளம்பினால் அங்கே சேறுதான் இருக்கும். கடையில் வற்றுப்பெருக்கு அட்டவணை வாங்கி வைத்திருக்கிறேன். பெருக்கு இரண்டு மணிக்கு.

(பிற்பகல் இரண்டரை மணி. லூ துறைமுகம். தூறல். பிள்ளைகள் மழைச்சட்டையோடு சுவரோரம் வயிற்றில் படுத்திருக்கிறார்கள்.)

கணவர்: பாரும், பதினான்காவது நண்டு! பக்கத்துப் பிள்ளைகளின் பன்றியிறைச்சியை ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. நெத்தலியின் மணம் தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் போகிறது!

மனைவி: தண்ணீருக்குள் மட்டுமா? அந்த ஐஸ்கிறீம் கடைக்காரர் இரண்டாவது முறையாக யன்னலைச் சாத்திவிட்டார்.

கணவர்: ஆனால் வரிசையைக் கவனித்தீரா? ஆறு வெள்ளைக்காரப் பிள்ளைகள் நெத்தலி கேட்டு நிற்கிறார்கள். ஒருவன் தன் வாளியையே மாற்றாகத் தருகிறான்.

மனைவி: அவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது, பை காலி. இரவுக்குப் பாணும் சம்பலும்தான். அது கிடக்கட்டும், ஒரே வாளியில் இத்தனை நண்டை அடைத்தால் ஒன்றையொன்று கடிக்கும். தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கணவர்: சின்னவன் இன்னும் ஐந்து நிமிடம் கேட்கிறான். கரத்தில் தோற்ற பிள்ளை, இன்றாவது வெல்லட்டும்.

மனைவி: ஐந்து நிமிடமெல்லாம் இல்லை. காரின் கதவு திறந்திருக்கிறது.

கணவர்: அம்மா இறங்கிவிட்டாரா? பார்த்தீரா, கடற்காற்று பட்டதும் மனம் மாறிவிட்டது! நடையிலும் எவ்வளவு உற்சாகம்! கையில் என்ன வைத்திருக்கிறார், குடையா?

மனைவி: சருவச்சட்டி. மற்றக் கையில் கூழுக்குப் புளியும் ஒடியல்மாவும்.

கணவர்: தம்பி! வாளியைச் சரியடா! கடல் பக்கமாகச் சரியடா!