குணத்தின் மேல் ஏற்றப்படும் பழி

ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் நம் வீடுகளில் முதலில் பேசப்படுவது அவருடைய குணம். "எதற்கெடுத்தாலும் கோபப்படுவார், அதனால்தான்." புற்றுநோய் என்றால், "எல்லாவற்றையும் மனதுக்குள்ளேயே போட்டு அடக்கிக்கொண்டார்." வேலையின் சுமை தாங்காமல் ஒரு பெண் ராஜினாமா செய்தால், "அவள் கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி." இந்தப் பேச்சுக்கு அறிவியல் முலாம் பூசிக் கொடுத்த வரலாறு ஒன்று உண்டு. அதைப் படித்த பிறகு இப்படிப்பட்ட வாக்கியங்களைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடிவதில்லை.

1950களில் சான்பிரான்சிஸ்கோவில் மேயர் ஃபிரீட்மன், ரே ரோசன்மன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் மனிதர்களை "ஏ வகை", "பி வகை" என்று பிரித்தார்கள். எப்போதும் அவசரம், போட்டி மனப்பான்மை, பொறுமையின்மை, சட்டென்று பொங்கும் பகைமை ஆகியவை ஏ வகையின் அடையாளங்கள். நிதானமானவர்கள் பி வகை. 1960இல் தொடங்கி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை எட்டரை ஆண்டுகள் கவனித்தார்கள். ஏ வகையினருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று முடிவு வந்தது. அந்தப் பெயர் உலகெங்கும் ஒட்டிக்கொண்டது. மேலாளர் என்றால் ஏ வகை. மாரடைப்பு, முன்னேறத் துடிப்பவன் கொடுக்கும் விலை.

அதே ஆண்களைப் பின்னர் 22 ஆண்டுகள்வரை தொடர்ந்து பார்த்தபோது, இதய நோயால் ஏற்பட்ட மரணங்களுக்கும் ஏ வகைக்கும் தொடர்பு தெரியவில்லை. 1988இல் வந்த இன்னொரு கணக்கு வியப்பானது: ஏற்கெனவே இதய நோய் வந்தவர்களில், ஏ வகையினரைவிட பி வகையினரே அதிகம் இறந்திருந்தார்கள். பகைமை என்ற ஒரு கூறுக்கு மட்டும் ஓரளவு தொடர்பு இருப்பதாகப் பிற ஆய்வுகள் சொல்கின்றன. அந்தப் பெரிய பெயர்ப்பலகைக்குக் கீழே மிஞ்சியது அவ்வளவுதான்.

இவ்வளவு ஆட்டங்கண்ட கருத்து எப்படி இத்தனை காலம் செல்வாக்கோடு நின்றது? 1990களின் வழக்குகளால் அமெரிக்கப் புகையிலை நிறுவனங்களின் உள் ஆவணங்கள் லட்சக்கணக்கில் வெளியே வந்தன. அவற்றை ஆராய்ந்து 2012இல் வெளியான கட்டுரை, ஏ வகை ஆய்வுகளுக்கு பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனம் பல ஆண்டுகள் பணம் கொடுத்ததைக் காட்டியது. ஃபிரீட்மனின் ஆய்வு நிலையமும் அந்தப் பணத்தைப் பெற்றது. நோய்க்குக் காரணம் குணம் என்று ஆகிவிட்டால் சிகரெட் தப்பிவிடும். "அவசரக்காரர்கள்தாம் அதிகம் புகைக்கிறார்கள், புகைக்காவிட்டாலும் அவர்களுக்கு நோய் வந்திருக்கும்" என்று நீதிமன்றத்தில் வாதாட ஒரு வழி கிடைக்கும்.

லண்டனில் ஹான்ஸ் ஐசென்க் இன்னும் தூரம் போனார். ஆளுமை உளவியலில் மிகப் பெரிய பெயர் அவருடையது. உணர்ச்சிகளை அடக்கி, நம்பிக்கையிழந்து வாழ்பவர்களே புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள், அதில் புகையைவிடக் குணத்துக்கே பெரிய பங்கு என்று ரொனால்ட் குரோசார்த்-மாட்டிசெக் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து கட்டுரைகள் எழுதினார். புகையிலை நிறுவனங்களின் பணம் அவருக்கும் வந்தது. அந்த முடிவுகள் நம்ப முடியாதவை என்று 1992இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். அவர் பணியாற்றிய நிறுவனத்தைத் தன்னுள் கொண்ட லண்டன் கிங்ஸ் கல்லூரி, 26 கட்டுரைகள் நம்பத்தகாதவை என்று சொன்னது 2019இல். ஐசென்க் 1997இலேயே இறந்துவிட்டார். இடைப்பட்ட காலத்தில் எத்தனை நோயாளிகள் "என் மனம்தான் எனக்கு இதைக் கொண்டுவந்தது" என்று தங்களையே நொந்துகொண்டு படுத்திருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

என் அப்பாவின் சாவுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவருடைய முன்கோபத்தைத்தான் பேசினார்கள். நாள் முழுக்க அவர் விரலிடுக்கில் புகைந்த பீடியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரவும் பகலும் மாறி மாறி வந்த ஷிப்ட் வேலையைப் பற்றியும்தான்.

வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை வேறு கண்ணால் பார்த்த ஆய்வும் உண்டு. 1967இல் லண்டனில், அரசு அலுவலகங்களில் பணிபுரிந்த சுமார் 18,000 ஆண்களை வைத்துத் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு அது. பொறுப்பைச் சுமக்கும் பெரிய அதிகாரிக்கே மாரடைப்பு வரும் என்பது அன்றைய நம்பிக்கை. அதில் ஈடுபட்ட மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் மார்மட்டும் உடன் பணியாற்றியவர்களும் கண்டது நேர்மாறானது. கடைநிலையில் இருந்த தபால் சுமப்பவர்களும் வாயிற்காவலர்களும், உச்சியில் இருந்த அதிகாரிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இதய நோயால் இறந்தார்கள். புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985இல் தொடங்கி, பெண்களையும் சேர்த்து நடந்த இரண்டாம் ஆய்வு காரணங்களில் ஒன்றைக் காட்டியது: தன் வேலையை எப்படி, எந்த வரிசையில் செய்வது என்று தானே முடிவு செய்ய முடியாத நிலை. மன உளைச்சல் சார்ந்த சிக்கல்களும் அப்படிப்பட்ட வேலைகளில் அதிகமாக இருந்தன.

குணத்துக்கும் மனநலத்துக்கும் தொடர்பே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. எளிதில் கலங்கும், எப்போதும் கவலைப்படும் இயல்பு கூடுதலாக உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்ற நோயும் அதிகம் காணப்படுகின்றன. இது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உறுதியான முடிவு. ஆனால் அந்த இயல்பு எல்லாரிடமும் கூடவோ குறையவோ இருக்கிறது. உயரத்தைப் போல அது ஓர் அளவு. நடுவில் ஒரு கோடு கிழித்து ஆட்களை இரண்டு பெட்டிகளில் போடுவதற்கு அதில் இடமில்லை.

பெட்டிகளில் போடும் வேலை இப்போது வேலைக்கு ஆளெடுக்கும் இடங்களில் அமோகமாக நடக்கிறது. என் அக்காள் மகள் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்குப் போனாள். பதினாறு வகைகளில் ஒன்றைச் சொல்லும் வினாத்தாளைக் கொடுத்தார்கள். "நீங்கள் உள்முக வகை, இந்த வேலை உங்களுக்கு ஒத்துவராது" என்று அனுப்பிவிட்டார்கள். உள்முகம் என்றால் தனக்குள் ஒதுங்கும் இயல்பு, வெளிமுகம் என்றால் பிறரோடு கலந்து பழகும் இயல்பு. அந்தப் பதினாறு வகைத் தேர்வை உருவாக்கியவர்கள் கேத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும். உளவியலாளர் கார்ல் யுங்கின் நூலைப் படித்து, உளவியலில் முறையான பயிற்சி இல்லாமலே செய்தார்கள். சில வாரங்கள் கழித்து அதே தேர்வை எழுதினால் கணிசமானோருக்கு வேறு வகை வருகிறது. ஆளெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. விற்பனையைப் பொறுத்தவரை, 2013இல் வெளியான உளவியலாளர் ஆடம் கிராண்டின் ஆய்வில், தொலைபேசி வழி விற்கும் 340 பேரில் நிறுவனத்துக்கு அதிக வருவாய் ஈட்டித்தந்தவர்கள் வெளிமுகத்தினரும் அல்லர், உள்முகத்தினரும் அல்லர், இடையில் இருந்தவர்கள். அவளுக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்படியானால் எனக்கு எந்த வேலைதான் பொருந்தும் சித்தி?" என்று கேட்டாள். ஒரு தாள் அவள் மனதில் அவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல், சரியாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்று பணிச் சோர்வை வரையறுத்தது. அந்த வரையறையில் பணியாளரின் ஆளுமை வகை எதுவும் கிடையாது. நம் ஊரிலும் நல்ல முன்மாதிரி இருக்கிறது. நாள் முழுக்க நின்றே விற்கும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. அவர்களுடைய கால் வலிக்கான காரணத்தை அவர்கள் நின்ற தரையில் தேடிய சட்டம் அது.

மனிதவளத் துறையில் இருக்கும் நண்பர்கள் இதைப் படிக்கிறார்கள் என்று தெரியும். ஒரு குழுவில் அடுத்தடுத்து நான்கு பேர் மனம் தளர்ந்து விலகினால், தயவுசெய்து அவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைக்காதீர்கள். அந்தக் குழுவின் வேலை நேரப் பட்டியலை, விடுப்புப் பதிவேட்டை, யாரிடமிருந்து எத்தனை மணிக்கு அழைப்புகள் போயின என்ற விவரத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவர்களுடைய மேலாளரை அழைத்துப் பேசுங்கள்.