வசனம் தெரியும், அதிகாரம் தெரியாது

என் நண்பர் ஒருவர் வேலையை இழந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்த சமயம் அது. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு காலையில் எரேமியா 29:11ஐ வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்கி, கர்த்தருடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று வாக்களிக்கும் அந்த வசனத்தை அறியாத கிறிஸ்தவர் அநேகமாக இருக்க முடியாது. சற்று நேரத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது: "இந்த வசனத்தை நீங்கள் எனக்கு அனுப்புவது இது மூன்றாவது முறை. இதற்கு முந்தின வசனத்தை வாசித்திருக்கிறீர்களா?" அதில் கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டிருந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. சிறு வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவரும் ஒரு வசனத்திற்கு முந்தின வசனம் என்ன என்பது எனக்குத் தெரியவில்லை.

வேதாகமத்தைத் திறந்து பார்த்தேன். பத்தாம் வசனம் "பாபிலோனில் எழுபது வருஷம்" என்று தொடங்குகிறது. அந்த எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதர்களைக் கர்த்தர் சந்தித்துத் திரும்பிவரச் செய்வார். நான்கு மாதங்களாகக் காத்திருந்து சோர்ந்துபோன ஒருவருக்கு, எழுபது வருடக் காத்திருப்பைப் பற்றிய கடிதத்திலிருந்து ஒரு வரியை மட்டும் கிள்ளியெடுத்து மூன்று முறை அனுப்பியிருக்கிறேன். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கத்திலிருந்துதான் இந்தப் பதிவை எழுதுகிறேன். நம்மில் பலருக்கு வசனங்கள் தெரியும், வேதம் தெரியாது என்பதும், அன்றாட விசுவாசம் வளராமல் நிற்பதற்கு அது ஒரு முக்கியமான காரணம் என்பதும் என் உறுதியான கருத்து.

அந்த அதிகாரத்தை அதன் முன்பின்னோடு வாசித்தபோது கிடைத்ததைச் சொல்கிறேன். கி.மு. 597இல் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து யூதாவின் ராஜாவாகிய எகொனியாவையும், பிரபுக்களையும், தச்சரையும், கொல்லரையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போனான். எருசலேமிலேயே விடப்பட்டிருந்த எரேமியா தீர்க்கதரிசி அந்தச் சிறைப்பட்டவர்களுக்கு எழுதி அனுப்பிய கடிதமே 29ஆம் அதிகாரம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்னும் தீர்க்கதரிசி வருகிறான். இரண்டு வருஷத்துக்குள் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள், கொண்டுபோகப்பட்ட ஆலயத்தின் பணிமுட்டுகளும் (பாத்திரங்களும்) திரும்ப வரும் என்று ஆலயத்திலே, ஆசாரியர்களும் ஜனங்களும் கேட்க அவன் அறிவிக்கிறான். கேட்பதற்கு எவ்வளவு இனிமையான செய்தி! எரேமியாகூட அதற்கு, "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் முதலில் சொல்கிறான். அந்த ஆமெனில் என் மனம் நெடுநேரம் நின்றது. எரேமியாவும் அந்த ஜனங்களில் ஒருவன்தான். அவர்கள் சீக்கிரம் திரும்பிவர வேண்டும் என்ற ஆசை அவனுக்கும் இருந்தது. ஆனாலும் தன் ஆசையைக் கர்த்தருடைய வார்த்தையாக அறிவிக்க அவன் துணியவில்லை. அனனியாவோ, பாபிலோனுக்குப் பணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த மரநுகத்தை எடுத்து உடைத்துப் போட்டான். ஐந்தாம் மாதத்தில் இப்படிப் பேசியவன் அதே வருஷத்தின் ஏழாம் மாதத்தில் இறந்துபோனான் என்று அந்த அதிகாரம் முடிகிறது.

இந்தப் பின்னணியில்தான் நாம் விரும்பி அனுப்பிக்கொள்ளும் பதினோராம் வசனம் எழுதப்பட்டது. சீக்கிரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்ற இனிப்பான பொய்க்கு எதிராக எழுதப்பட்ட ஒரு வாக்குத்தத்தத்தை, சீக்கிரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதற்காக நான் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்! எரேமியாவின் வசனத்தை எடுத்து அனனியாவின் செய்தியைச் சொல்லிவந்திருக்கிறேன் என்பதை இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அப்படியானால் அந்தக் கடிதத்தில் ஆறுதலே இல்லையா என்று கேட்டால், முன்னைவிட ஆழமான ஆறுதல் இருக்கிறது. அதை முதன்முதலாக வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் தங்கள் ஊருக்கு உயிரோடு திரும்பியிருக்க முடியாது. அவர்களிடம் கர்த்தர் சொன்னது என்ன? வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், விவாகம் பண்ணிப் பிள்ளைகளைப் பெறுங்கள், உங்களைச் சிறையாகப் போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள். நாளைக்கே கிளம்பிவிடப் போகிறோம் என்று நினைக்கிறவன் தோட்டம் போட மாட்டான். நட்டு, தண்ணீர் ஊற்றி, காய்க்கும்வரை காத்திருக்க ஒருவனுக்கு வேறுவிதமான விசுவாசம் வேண்டும். அது ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து செய்ய வேண்டிய விசுவாசம். தனி வசனமாக வாசித்தபோது என்றோ நடக்கப்போகும் ஒன்றிற்காக வெறுமனே காத்திருக்கும்படி சொல்வதாகப் பட்ட அதே வேதபகுதி, அதிகாரமாக வாசித்தபோது இன்று செய்ய வேண்டிய காரியங்களைக் கையில் கொடுத்தது.

இந்தக் கடிதத்தின் கதை அத்தோடு முடியவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு அதே பாபிலோனில், வாலிபனாகக் கொண்டுபோகப்பட்டு இப்போது முதிர்ந்துவிட்ட தானியேல், எரேமியாவுக்கு உண்டான கர்த்தருடைய வார்த்தையின்படி எருசலேமின் பாழ்க்கடிப்பு முடிய எழுபது வருஷம் செல்லும் என்பதைப் புஸ்தகங்களால் அறிந்துகொண்டதாக எழுதுகிறான் (தானியேல் 9:2). தரிசனங்களும் சொப்பனங்களும் அருளப்பட்ட ஒரு மனிதன், எழுதப்பட்ட வேதவாக்கியத்தை எடுத்து வைத்து உட்கார்ந்து படித்திருக்கிறான். படித்து முடித்ததும், எழுபது வருஷம் நெருங்கிவிட்டது, இனித் தானாக நடக்கும் என்று அவன் சும்மா இருக்கவுமில்லை. உபவாசித்து, இரட்டிலும் சாம்பலிலும் உட்கார்ந்து, "நாங்கள் பாவஞ்செய்து" என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு அறிக்கையிடுகிறான். வேதப்படிப்பு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பகுதியைத்தான் காட்டுவேன். வாக்குத்தத்தத்தை அவன் ஆராய்ந்தான். அந்த ஆராய்ச்சி ஜெபமாயிற்று.

வசனத்தை அதன் இடத்திலிருந்து பிரித்தெடுப்பது சிறிய தவறுதானே என்று நினைக்கிறவர்கள், பிசாசு இயேசுவை மூன்று முறை சோதித்ததைச் சொல்லும் மத்தேயு 4ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசிக்க வேண்டும். தேவாலயத்து உப்பரிகையின்மேல் பிசாசு மேற்கோள் காட்டுவது 91ஆம் சங்கீதத்தை. "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொற்கள் சங்கீதத்தில் இருக்கின்றன, அவன் வாயில் இல்லை. பாதம் கல்லில் இடறாதபடி தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்பதோடு நிறுத்தியும் விடுகிறான். அதற்கு அடுத்த வசனம் வலுசர்ப்பத்தை மிதித்துப்போடுவதைப் பற்றியது! இயேசுவோ, "என்றும் எழுதியிருக்கிறதே" என்று வேதவாக்கியத்தின் பக்கத்தில் வேதவாக்கியத்தை வைத்துப் பதில் சொல்கிறார். அந்த மூன்று சோதனைகளுக்கும் அவர் சொன்ன பதில்கள் உபாகமத்தின் 6ஆம், 8ஆம் அதிகாரங்களிலிருந்து வந்தவை. நாற்பது நாள் பசித்திருந்தவர் அங்கே புத்தகத்தைப் புரட்டித் தேடவில்லை. இஸ்ரவேலரின் நாற்பது வருஷ வனாந்தரத்தை நினைவூட்டும் அந்தப் பகுதி முழுவதும் அவருக்குள் ஏற்கெனவே இருந்தது.

நாம் வசன எண்களுக்கு மிகவும் பழகிவிட்டோம். இப்போதுள்ள அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டவை. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் அச்சிடப்பட்ட ஒரு பதிப்பில் வந்தவை. பவுல் எழுதியவை கடிதங்கள். கொலோசெயர் 4:16இல், இந்த நிருபத்தை வாசித்த பின்பு லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்று அவர் கேட்டுக்கொள்கிறார். உறவினர் அனுப்பிய கடிதத்தில் நடுவில் ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு யாரும் மடித்து வைப்பதில்லை. பிலிப்பியர் நிருபம் மொத்தம் 104 வசனங்கள்தான். ஒரே அமர்வில் சத்தமாக வாசித்துவிடலாம். அப்படி வாசித்தால், "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பது போட்டியில் வெல்வதைப் பற்றிய வாக்கியமாகத் தோன்றாது. காவலில் கட்டப்பட்டிருக்கிற ஒரு மனிதன், பட்டினியிலும் பரிபூரணத்திலும் மனரம்மியமாய் இருக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றிச் சொன்னது என்பது தானாகவே விளங்கும்.

சத்தமாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. முதலாம் சங்கீதம் இரவும் பகலும் வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷனைப் பாக்கியவான் என்கிறது. அங்கே உள்ள எபிரெய வினைச்சொல் வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிக்கும். ஏசாயா 31:4இல் இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும், 38:14இல் புலம்பும் புறாவுக்கும் அதே சொல்தான். தியானம் என்றவுடன் கண்ணை மூடி மௌனமாக இருப்பது நம் நினைவுக்கு வருகிறது. வேதம் சொல்லும் தியானத்தில் உதடுகளுக்கும் வேலை இருக்கிறது. நான் கடந்த சில வருடங்களாக ஒரு புத்தகத்தை எடுத்தால் ஒரு மாதமாவது அதிலேயே தங்குகிறேன். ஒரு பகுதியை வாய்விட்டு வாசிப்பேன். யார் யாரிடம் பேசுகிறார், எதற்காக என்று பார்ப்பேன். புரியாததை ஒரு நோட்டில் கேள்வியாக எழுதி வைப்பேன். அந்தக் கேள்விகளில் பாதிக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அதனால் என் விசுவாசம் குறையவில்லை. கேள்வியோடு ஒரு பகுதிக்குத் திரும்பிவரும்போது, முன்பு கண் தாண்டிப் போன சொல் இப்போது நின்று பேசுகிறது.

வறண்ட பகுதிகளை என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். எனக்கும் எண்ணாகமம் 7ஆம் அதிகாரம் நெடுங்காலம் தாண்டிப்போகும் அதிகாரமாகவே இருந்தது. 89 வசனங்கள். பன்னிரண்டு கோத்திரப் பிரபுக்கள் பன்னிரண்டு நாட்களில் பலிபீடத்தின் பிரதிஷ்டைக்குக் காணிக்கை கொண்டுவருகிறார்கள். பன்னிரண்டு பேரும் கொண்டுவந்தது ஒன்றேதான். அதே வெள்ளித்தாலம், அதே வெள்ளிக்கலம், அதே தூபகரண்டி, அதே எண்ணிக்கையில் ஆட்டுக்கடாக்கள். ஒரு நாள் பொறுமையாக ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்தபோது, ஏழாம் நாளை எட்டும்போதுதான் உறைத்தது: இரண்டாமவனுடைய காணிக்கைக்கு "மேற்படி" என்று எழுதி முடித்திருக்கலாம், அப்படி எழுதப்படவில்லை. பன்னிரண்டாவதாக வந்தவனுடைய பெயரும் அவன் கொண்டுவந்த பாத்திரங்களின் எடையும் முதலாமவனுக்கு எழுதியது போலவே முழுமையாக எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு நாளும் ஒரே வேலையைச் செய்து, யார் கண்ணிலும் படாமல் போகிறோமே என்று எண்ணியிருந்த எனக்கு, இதுவரை கேட்ட பல பிரசங்கங்களைவிட அந்தப் பட்டியல் அதிகமாகப் பேசியது.

படித்தது நடையில் வராவிட்டால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. எஸ்றா 7:10 கர்த்தருடைய வேதத்தை ஆராயவும், அதின்படி செய்யவும், அதை உபதேசிக்கவும் எஸ்றா தன் இருதயத்தைப் பக்குவப்படுத்தியிருந்தான் என்கிறது. அந்த வரிசையில் நடுவில் இருப்பதை விட்டுவிட்டு முதலிலிருந்து மூன்றாவதுக்குத் தாவுவது என் பழக்கமாக இருந்தது. யாக்கோபு நிருபத்தில் தங்கியிருந்த மாதத்தில், "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்" என்ற வசனத்தில் கோபத்தைப் பற்றிய பாகத்தை மட்டுமே இத்தனை நாளும் கவனித்து வந்திருக்கிறேன் என்று கண்டேன். அந்த வரிசையில் முதலில் நிற்பது கேட்பது. அன்று மாலை என் மகள் ஏதோ சொல்ல வந்தாள். வழக்கமாக அவள் பாதி சொல்லும்போதே நான் பதிலைத் தொடங்கிவிடுவேன். அன்று கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவள் சொல்லி முடித்த பிறகும் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். அவள் நிறுத்தி, என்னைப் பார்த்து, "இன்னும் ஒன்று இருக்கிறது" என்று தொடர்ந்தாள். அந்த இன்னும் ஒன்றைத்தான் அவள் உண்மையில் சொல்ல வந்திருந்தாள். அதற்கு முன் எத்தனை மாலைகளில் அதைக் கேளாமல் விட்டேனோ!

இதில் ஓர் ஆபத்தும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். அறிவு இறுமாப்பை உண்டாக்கும் என்று பவுல் எச்சரிக்கிறார். வேதவாக்கியங்களை ஆராய்ந்தும் தம்மிடத்தில் வர மனதில்லாதவர்களைப் பற்றி யோவான் 5ஆம் அதிகாரத்தில் இயேசுவே வருத்தத்தோடு பேசுகிறார். தனியாகப் படிக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்று நினைக்கிறேன். எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு, பிலிப்புவைத் தன் இரதத்தில் ஏற்றிக்கொண்டான். அதே சமயத்தில் பெரோயா பட்டணத்தார், பவுலே வந்து பிரசங்கித்தபோதும், காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக அவர்கள் நற்குணசாலிகள் என்று பாராட்டவும் பட்டார்கள். நம் சபைகளில் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டில் அந்த அதிகாரத்தைத் திறந்து பார்ப்பதைப் போதகருக்கு எதிரான செயலாக யாரும் எண்ணக் கூடாது. நல்ல போதகர் அதைக் கேட்டு மகிழ்வார்.

அந்த நண்பரிடம் பிறகு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்" என்றார். எரேமியா 28, 29 அதிகாரங்களை மாறி மாறி வாசித்தோம். தோட்டம் போடச் சொல்லும் வசனத்தில் அவர் நிறுத்தி, "இதை யாரும் எனக்கு அனுப்பவில்லையே" என்றார். அவருக்கு வேலை கிடைக்க அதற்குப் பிறகும் ஏழு மாதங்கள் ஆயின. அந்த ஏழு மாதங்களில் வியாழக்கிழமை இரவுகளில் தொலைபேசியில் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினோம், இப்போதும் வாசிக்கிறோம். சென்ற வாரம் எண்ணாகமம் 6ஐ முடித்தோம். அடுத்த அதிகாரம் நீளமானது, அதைத் தாண்டிவிடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம், பன்னிரண்டு பேரையும் வாசித்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.