ரூவைக் கறுப்பாக்கியது யார்?

சனிக்கிழமை அடையாறில் 'தி ஹங்கர் கேம்ஸ்' படத் திரையிடலில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அங்கே ஒரு அண்ணன் பேசியதை வெட்டி ஆளாளுக்குப் பகிர்ந்து கைதட்டுவதைப் பார்த்த பிறகு முடியவில்லை. "கதை நல்லாத்தான் போச்சு, எதுக்கு அந்தச் சின்னப் பொண்ணைக் கறுப்பாக்கினாங்க? எல்லாத்துலயும் அரசியல்!"

அண்ணே, படக்காரர்கள் ஆக்கவில்லை. 2008இல் வந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலிலேயே சுசான் காலின்ஸ் அந்தச் சின்னப் பொண்ணு ரூவுக்கு அடர்பழுப்புத் தோல் என்றுதான் எழுதியிருக்கிறார். உருவத்திலும் சுபாவத்திலும் தன் தங்கை பிரிம் மாதிரி என்று கதாநாயகி காட்னிஸ் சொல்வாள். வாசகர்கள் பலர் அதை மட்டும் பிடித்துக்கொண்டு தோலை விட்டுவிட்டார்கள். 2012இல் படம் வந்தபோது அமெரிக்காவில் ட்விட்டரில் இதே புலம்பல்தான். ரூ கறுப்பு என்று தெரிந்ததும் அவள் சாவு அவ்வளவாக வலிக்கவில்லை என்றுகூட எழுதினார்கள். எழுதியிருந்ததைப் படித்தும் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கற்பனை தேசத்தில் நிறம் எதற்கு என்று ஒரு தம்பி கேட்டார். ரூவின் பதினோராம் மாவட்டம் விவசாய மாவட்டம் தம்பி. ஊருக்கே விளைவிப்பவர்கள், விளைந்ததில் கைவைத்தால் சவுக்கடி. அந்த வயல்களில் நிற்பவர்கள் யார் என்பது கதைக்குச் சம்பந்தமில்லாத விஷயமா? தஞ்சாவூர்ப் பக்கம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

காட்னிஸாக ஜெனிஃபர் லாரன்ஸ் பிரமாதமாக நடித்தார், சரி. யார் இல்லை என்றது? நாவலில் காட்னிஸுக்கு மாநிறம், கறுப்பு முடி. நடிகை தேடிய அறிவிப்பிலேயே வெள்ளையினப் பெண் என்று கேட்டார்கள். அதற்கு ஒருவரும் 'அரசியல்' என்று கத்தவில்லை. வெளுத்தால் நடிப்பு, கறுத்தால் அரசியல். நல்ல நியாயம்.

ஏழாவது படிக்கும்போது ஆண்டுவிழா நாடகத்தில் ராணி வசனம் முழுக்க எனக்குத்தான் மனப்பாடம். டீச்சர் ராணி வேஷத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார். "நீ இருட்டுல தெரிய மாட்டே கண்ணு" என்றார், செல்லமாகத்தான். எனக்குத் தோழி வேஷம். அதற்கும் முகத்தில் ரோஸ் பவுடரை அப்பினார்கள், கழுத்தோடு நிறுத்திவிட்டார்கள். சாமரம் வீசிய கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். அந்த போட்டோவை அம்மா இன்னும் ஆல்பத்தில் வைத்திருக்கிறார். ராணி வசனத்தை மறந்தபோது பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தது நான்தான், அது போட்டோவில் விழவில்லை.

'தாழ்வு மனப்பான்மை' என்று கமெண்ட் போட விரல் துறுதுறுக்கிறவர்களே, கொஞ்சம் பொறுங்கள். மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று காசு கொடுத்துப் போடுவது யார் மனப்பான்மை? இந்த வெயிலூரில் நம்மில் பாதிப்பேர் ரூ நிறம்தான். ஆனால் நம் ஹீரோயினை மும்பையிலிருந்து இறக்கி, டப்பிங் குரல் கொடுத்து, மதுரைப் பொண்ணு என்கிறோம். கறுப்பு நடிகை வேண்டுமென்றால் சிவப்புத் தோலுக்கு மை பூசுகிறோம். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கே" என்று என்னிடம் சொன்னவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். அந்த 'இருந்தாலும்' இருக்கிறதே, அதற்கு நான் சிரித்துச் சிரித்து வாய் வலித்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை கைதட்டியவர்களில் என் தோழிகள் இரண்டு பேர். அவர்களும் என் நிறம்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

நாவல் என்னிடம் இருக்கிறது. ரூ வரும் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். இன்பாக்ஸுக்கு வந்தால் படமெடுத்து அனுப்புகிறேன். அதைப் படிக்காமல் இங்கே வந்து எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.