கட்டிக்கொள்ள நேரம் இருக்காது

நம் டர்பன் கடலில் படகு விபத்தில் சிக்கிய நாலு பேரின் வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். நாலு பேரும் பிழைத்துக் கரைக்கு வந்தார்கள், அதுவே பெரிய நிம்மதி. ஆனால் நாலு லைஃப் ஜாக்கெட்டும் எங்கே கிடந்தன? படகின் முன்னறையில், நங்கூரக் கயிற்றுக்கு அடியில், மூடி இறுக்கியபடி. இதைக் கேட்டதற்கு, "கரையில் உட்கார்ந்து பேசாதே" என்று நம் ஆட்களே எழுதினார்கள். அதனால் முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

டிராக்டர் படகைக் கடலுக்குள் தள்ளுவதற்கு முன்பே ஜாக்கெட்டைக் கட்டுங்கள். திரும்பி வந்து மணலில் கால் வைத்த பிறகு அவிழுங்கள். "தேவைப்பட்டால் எடுத்துக்கலாம்" என்பது நடக்காத காரியம். நாம் மணலிலிருந்து இறக்கும் சிறு மோட்டார் படகான ஸ்கீபோட் கவிழ இரண்டு மூன்று விநாடி போதும். தண்ணீருக்குள் ஜாக்கெட் மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது மேலே மிதக்கும், நீங்கள் கீழே போவீர்கள், மிதக்கத் தேவையான இரண்டு கைகளும் பக்கிளைத் தேடிக்கொண்டிருக்கும். நம்பாதவர்கள் நீச்சல் குளத்தில் சட்டை, கால்சட்டையோடு இறங்கிச் செய்து பாருங்கள். படகில் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது என்பீர்கள். இருந்ததே, நாலும் இருந்தன. உடம்பில் ஒன்றுகூட இல்லை.

"அன்று கடல் கண்ணாடி மாதிரி இருந்தது" என்றும் எழுதினார்கள். விழுகிறவன் புயலில்தான் விழ வேண்டுமா? கூடா என்று நாம் இங்கே சொல்லும் வஞ்சிரத்தைக் கொக்கி போட்டுத் தூக்கும்போது, நங்கூரம் இழுக்கும்போது, ப்ரொபெல்லரில் சுற்றிய தூண்டில் நரம்பை அறுக்கும்போது, பின்பக்கம் நின்று சிறுநீர் கழிக்கும்போது, இப்படி எல்லாவற்றிலும் உடம்பின் எடை படகுக்கு வெளியே சாய்கிறது. 12 நாட் வேகத்தில் படகு விநாடிக்கு 6 மீட்டர் போகும். ஒருவன் விழுந்ததைக் கவனிக்கப் பத்து விநாடி ஆனால் அவன் 60 மீட்டர் பின்னால். அலைகளுக்கு நடுவில் அந்தத் தூரத்தில் ஒரு தலையைத் தேடிப் பாருங்கள். விழுந்தவன் படகை ஓட்டும் ஸ்கிப்பராக இருந்து, ஆள் விழுந்தால் இஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச் கயிறும் காலில் இல்லையென்றால், படகு நிற்கவே நிற்காது. வெளியே, நம் கரையை ஒட்டி ஓடும் அகுல்ஹாஸ் கடல் நீரோட்டம் தென்மேற்காக இழுத்துக்கொண்டிருக்கும். அதற்கு எதிராகத் தென்மேற்குக் காற்று திரும்பினால் அலை செங்குத்தாக எழும்பும் என்பது டர்பனில் படகு ஓட்டும் யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு எதிர்ப்பை மட்டும் மதிக்கிறேன்: "ஜாக்கெட் போட்டால் கவிழ்ந்த படகுக்கடியில் மாட்டிக்கொள்வோம்." தானாக ஊதிக்கொள்ளும் ஜாக்கெட்டைப் பொறுத்தவரை இது உண்மை. அதற்குள் இருக்கும் உப்பு மாத்திரை அலை வாரி அடித்தாலே கரைந்து, ஜாக்கெட்டை ஊதும் வாயு சிலிண்டரைத் திறந்துவிடும். 150 நியூட்டன் என்றால் சுமார் 15 கிலோ மேல்நோக்கிய இழுவை. தலைகீழான படகின் தளத்தோடு அது உங்களை ஒட்ட வைத்துவிடும், முங்கி வெளியே வர முடியாது. அதனால்தான் கரையலை தாண்டும்போது, ஊதத் தேவையில்லாத, உள்ளே நுரை அடைத்த ஜாக்கெட். அதுவும் மேலே தூக்கும், ஆனால் படகின் ஓரத்தைப் பிடித்துக் கீழே அமுக்கிக்கொண்டு வெளியேறலாம். அலை தாண்டிய பிறகு வேண்டுமானால் இஞ்சினை நியூட்ரலில் வைத்து, ஒவ்வொருவராக ஊதும் ஜாக்கெட்டுக்கு மாறுங்கள். திரும்பி வரும்போது, அலைக்கு வெளியிலேயே மறுபடி நுரைக்கு மாறுங்கள். இரண்டு வாங்க முடியாதவர்கள் நாள் முழுக்க நுரையோடு இருங்கள். பிப்ரவரியில் வேர்க்கும்தான். வேர்க்கட்டும்.

வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். 50 நியூட்டன் என்பது நினைவோடு நீந்துகிறவனுக்குத் துணை, அவ்வளவுதான். தலையில் அடிபட்டு மயங்கியவனை முகம் மேலே வரும்படி திருப்ப, கழுத்துப்பட்டையோடு 100க்கு மேல் வேண்டும். "எனக்கு நீச்சல் தெரியும்" என்பவர்கள் அந்த மயக்கத்தையும் கணக்கில் எடுங்கள். காலிடைப் பட்டை தொங்க விடுவதற்கு இல்லை. அது இல்லாவிட்டால் ஜாக்கெட் காதுவரை ஏறும், வாய் தண்ணீரில் இருக்கும்.

நேற்று ஒரு தம்பி தன் ஊதும் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார். வெளியே புத்தம் புதுசு. உறையைப் பிரித்தால் 33 கிராம் சிலிண்டர் முக்கால் சுற்று கழன்று நின்றது, கழுத்தில் துரு வளையம், துரு பட்ட இடத்தில் துணியிலும் பழுப்புக் கறை. சிலிண்டரைக் கையால் இறுக்குங்கள். சமையலறைத் தராசில் வைத்து, அதன் மேல் பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிடுங்கள், குறைந்திருந்தால் மாற்றுங்கள். மாத்திரையின் காலாவதித் தேதியைப் பாருங்கள், நம் ஊர் ஈரக்காற்றே அதைக் கெடுக்கும். பிறகு வாய்க்குழாயில் பம்பால் காற்றடித்து ஒரு இரவு வையுங்கள். வாயால் ஊதினால் உள்ளே ஈரம் சேரும்.

இதையெல்லாம்விட வலித்தது ஒரே ஒரு வரி: "நம் தாத்தாக்கள் இதெல்லாம் கட்டினார்களா?" இந்தக் கரையில் துடுப்பு போட்டு அலை தாண்டி வலை விரித்தவர்களைத் தயவுசெய்து இதற்குச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அவர்களிடம் ஜாக்கெட் இல்லை. இருந்தும் வேண்டாம் என்றவர்கள் இல்லை. திரும்பாத மகனுக்காக மணலில் விடிய விடிய உட்கார்ந்திருந்த அம்மாக்களிடம் யாராவது ஒன்றை நீட்டியிருந்தால், அவர்களே கட்டிவிட்டிருப்பார்கள்.

ஸ்கிப்பர்களே, க்ரூ உங்களைப் பார்த்துத்தான் கட்டுவார்கள், நீங்கள் முதலில் கட்டுங்கள். ஒவ்வொருவரின் தோள்பட்டையையும் மேலே இழுத்துப் பாருங்கள். முகவாய்க்கு மேல் வந்தால் தளர்வு, இறுக்கச் சொல்லுங்கள். மறுப்பவர் கரையில் இறங்கட்டும்.

என் மேல் கோபமாக இருக்கும் அண்ணன், கோபத்தோடேயே இருங்கள், பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை இறங்குவதற்கு முன் அந்த முன்னறையைத் திறந்து நாலையும் வெளியே எடுத்துவிடுங்கள்.