லேலண்ட் பாமருக்கு எல்லாம் தெரியும்

'ட்வின் பீக்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். லேலண்ட் பாவம், அவருக்குள் புகுந்த பாப் என்ற தீய ஆவிதான் எல்லாவற்றையும் செய்தது என்பது ஒரு கட்சி. ஆவியாவது பிசாசாவது, மகளைச் சீரழித்துக் கொன்றது அந்த அப்பன்தான் என்பது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. (1990-ல் வந்த தொடர். ஸ்பாய்லர் போட்டுவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள்.)

முதல் கட்சிக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. இரண்டாவது சீசனில், லாக்கப் கதவில் தலையை மோதிக்கொண்டு சாகக் கிடக்கிறார் லேலண்ட். சின்ன வயதில் பாப் கனவில் வந்தான், விளையாடக் கூப்பிட்டான், நான்தான் உள்ளே விட்டேன் என்று அழுகிறார். கொலையை விசாரிக்க வந்த எஃப்.பி.ஐ. அதிகாரி கூப்பர் அவர் தலையைத் தாங்கிப் பிடித்து, ஒளியை நோக்கிப் போகச் சொல்லி வழியனுப்புகிறார். மேலே தீயணைப்புக் குழாய்கள் மழையாகக் கொட்டுகின்றன. லேலண்டாக வரும் ரே வைஸின் நடிப்பில் எனக்கே கண் கலங்கும். கலங்கி முடித்ததும் கோபம் வரும். மகள் லாராவையும், துக்கத்துக்கு வந்த இடத்தில் அவளுடைய ஒன்றுவிட்ட சகோதரி மேடியையும் கொன்ற ஆளுக்கு இவ்வளவு மரியாதையான சாவா?

லாரா கொலையில் சந்தேகத்தின் பேரில் பிடிபட்ட ஜாக் ரெனோவின் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவனைத் தலையணையால் அமுக்கிக் கொல்கிறார் லேலண்ட். மகளைப் பறிகொடுத்த தகப்பனின் ஆத்திரம் என்று ஊரே நம்புகிறது, நீதிபதியும் ஜாமீனில் விடுகிறார். கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு அதே காட்சியைத் திரும்பப் பாருங்கள். சந்தேகத்தில் பிடிபட்டவன் செத்துவிட்டால் யாருக்கு லாபம்? துக்கமா, தந்திரமா என்று தொடர் கடைசிவரை சொல்வதில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

தொடரின் முன்கதையாக 1992-ல் டேவிட் லிஞ்ச் எடுத்த 'ஃபயர் வாக் வித் மீ' படத்தில் எனக்குச் சந்தேகமே போய்விட்டது. மோட்டலில், தான் ரகசியமாகச் சந்தித்து வந்த தெரசா பேங்க்ஸ் வரவழைத்திருந்த பெண்களில் ஒருத்தி தன் மகள் என்று பார்த்ததும், சத்தமில்லாமல் திரும்பிவிடுகிறார் லேலண்ட். விஷயத்தை ஊகித்துக்கொண்ட தெரசா பணம் கேட்டு மிரட்ட, அவளையும் தீர்த்துக்கட்டுகிறார். குட்டு வெளிப்படக் கூடாது என்பதற்காகச் செய்த கொலை. மானம் போய்விடுமே என்று பயப்படும் ஆவியை நான் கேள்விப்பட்டதில்லை.

அதைவிடப் பெரிய சாட்சி ஒரு கிளாஸ் பால். ராத்திரி மனைவி சாராவிடம் பாலைக் கொடுத்து, குடி குடி என்று பக்கத்திலேயே நிற்கிறார். அவள் குடிக்கிறாள், கண் செருகுகிறது, அறைக்குள் ஒரு வெள்ளைக் குதிரை தெரிகிறது. இனி அவள் எழுந்து வர மாட்டாள். லாராவின் அறைக்குப் போகத் தடையில்லை. ஜன்னல் வழியாக ஏறி வரும் பாப்புக்குப் பாலில் மருந்து கலக்கும் வேலை எதற்கு? மனைவிக்குத் தெரியக் கூடாது என்ற கவலை புருஷனுக்குத்தான் இருக்கும்.

சாப்பாட்டு மேஜைக் காட்சியும் அப்படித்தான். கை கழுவினாயா என்று கேட்டு, லாராவின் விரலைப் பிடித்து நகத்தை உற்றுப் பார்க்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் கண்டிப்பான அப்பா. லாராவாக நடித்த ஷெரில் லீயின் முகத்தைப் பார்த்தால்தான் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று புரியும்.

அந்த மருந்தையும் பாப்தானே கலந்தான் என்பார்கள் முதல் கட்சிக்காரர்கள். இப்படியே போனால் லேலண்ட் தானாகச் செய்தது என்று எதுதான் மிஞ்சும்? அழுகை மட்டும் அவருடையது, குற்றமெல்லாம் பாப்புடையது என்றால் கணக்கு ரொம்பச் சௌகரியமாக இருக்கிறது. தொடருக்குள்ளேயே கூப்பரின் சக அதிகாரி ஆல்பர்ட் சந்தேகப்படுகிறான்: மனிதர்கள் செய்யும் தீமைக்குத்தான் பாப் என்று பெயரோ என்னவோ என்று.

உண்மையில் நாம் சண்டை போட வேண்டிய ஆள் சாரா. அவளுக்கு எவ்வளவு தெரியும்? தினமும் அந்தப் பாலைத் தெரியாமல் குடித்தாளா, தெரியாதிருக்கவே குடித்தாளா? 2017-ல் தொடர் திரும்ப வந்தபோது இதற்குப் பதில் கிடைக்கும் என்று காத்திருந்தேன். மதுக்கடையில் அவள் தன் முகத்தையே கழற்றிக் காட்ட, உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. காட்சி மிரட்டல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் புருஷனுக்கு ஒரு பிசாசு, பெண்டாட்டிக்கு ஒரு பிசாசு என்று ஆக்கிவிட்டார்களே என்று எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.