லேசுதானாம்!

காலை ஏழு இருபது. மூன்றாவது தடவை கழிவறையிலிருந்து வெளியே வந்து கை துடைத்துக்கொண்டிருக்கிறேன், சித்தியிடமிருந்து வாட்ஸ்அப். “கண்ணு, இப்ப வயிறெல்லாம் சரியாயிடுச்சா? மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கற இல்ல?”

எடுத்துக்கொள்கிறேன் சித்தி. ஒரு வேளை தப்பாமல் எடுத்துக்கொள்கிறேன். என் எரிச்சலே அதுதான். மாத்திரை போடாமல் இருந்து வயிறு படுத்தினால், என்னையே திட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். எல்லாம் சரியாகச் செய்தும் பாதிதான் சரியாகிறது என்றால் யாரைத் திட்டுவது?

வழக்கமாக “பரவாயில்லை சித்தி” என்று போட்டுவிடுவேன். இந்தப் ‘பரவாயில்லை’யைச் சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கே கசந்துவிட்டது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இரண்டரை வருடமாக நிற்கிறேன். ஆஸ்பத்திரியில் படுக்கிற அளவுக்கு நோயாளியும் இல்லை, நிம்மதியாக ஒரு படம் பார்க்கிற அளவுக்கு ஆரோக்கியமும் இல்லை.

எனக்கு இருப்பது ‘லேசான’ கிரோன் நோயாம், அதாவது குடலில் நாள்பட்ட அழற்சி. ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது. அலுவலகத்தில் சொன்னபோது மேலாளர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது பாருங்கள்! “ஓ, மைல்டுதானே?” ஆமாம் சார், மைல்டுதான். உங்கள் மீட்டிங்கின் நடுவில் நான் எழுந்து ஓடுகிறேனே, அதுவும் மைல்டான ஓட்டம்தான்.

இந்த ‘லேசு’ எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் உட்கார்ந்து படித்தேன். 1976-இல் வந்த ஒரு மதிப்பெண் முறை, இன்றைக்கும் மருந்து ஆராய்ச்சிகளில் புழங்குகிறது. ஏழு நாள் டைரி எழுத வேண்டும்: எத்தனை தடவை நீராகப் போனது, வலி எவ்வளவு, மொத்தத்தில் எப்படி இருந்தீர்கள். அதோடு எடை, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, வயிற்றில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று இன்னும் சில. எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் ஒரு எண். 150-க்குக் கீழே என்றால் நோய் அடங்கியிருக்கிறது. 150 முதல் 220 வரை லேசு. 450-ஐத் தாண்டினால் கடுமை. கணக்கில் குற்றமில்லை. ஆனால் அந்த 150-க்கும் 220-க்கும் இடையில் ஒரு மனுஷன் வருடக்கணக்கில் குடியிருக்கலாம் என்பது கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியுமா? பையின் அடியில் கறுப்பு உறைக்குள் ஒரு மாற்று உள்ளாடையைச் சுற்றி வைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்து மூடிக்கொண்டு தினமும் வேலைக்குப் போவதற்கு எத்தனை மதிப்பெண்?

டாக்டரிடம் போனால் ஐந்து கேள்வி. ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து போகிறீர்களா? காய்ச்சல்? ரத்தம்? எடை குறைகிறதா? வயிறு உப்பி வாந்தி? ஐந்துக்கும் இல்லை. “அப்ப பயப்பட ஒண்ணுமில்ல.” அவர் கேட்டது தப்பில்லை. இந்த ஐந்தில் ஒன்று வந்தாலும் உடனே ஓடி வர வேண்டும் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார், நானும் மறக்கவில்லை. ஆனால் ஆறாவதாக ஒரு கேள்வி கேட்கக் கூடாதா? “இந்த மருந்து உங்களுக்கு உண்மையிலேயே போதுமா?” என்று?

மருந்துக் கதைக்கு வருகிறேன். முதலில் கொடுத்தது மெசாலமைன், குடல் அழற்சியைக் குறைக்கும் மாத்திரை. குதிரைக்குக் கொடுக்கிற அளவில் மாத்திரை, நாளுக்கு ஆறு. முக்கால் வருடம் விழுங்கினேன். ஒருநாள் ஃப்ளஷ் அழுத்தும் முன் குனிந்து பார்த்தால் (பார்ப்பீர்களா என்று முகம் சுளிக்காதீர்கள், இந்த நோய் வந்தவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள்) செங்கல் நிறத்தில் ஏதோ மிதக்கிறது. என் மாத்திரை! காலையில் நான் விழுங்கிய அதே உருவம், அதே நிறம், ஒரு ஓரம் மட்டும் பிளந்திருக்கிறது. என்ன சொல்வது? காசு கொடுத்து வாங்கி, வாய் வழியாகப் போட்டு, குடல் முழுக்கச் சுற்றுலா காட்டி, பத்திரமாக வழியனுப்பி வைத்திருக்கிறேன்.

மருந்து உள்ளே இறங்கிவிட்டு வெறும் ஓடு மட்டும் வெளியே வருவது உண்டு, அது சகஜம்தான் என்று பிறகு தெரிந்தது. முழு மாத்திரையாகவே திரும்பத் திரும்ப வந்தால்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டுமாம். சரி, ஓடுதான் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதைப் பற்றித் தேடப்போய்த்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. மெசாலமைன் நன்றாக வேலை செய்வது பெருங்குடல் புண் நோய்க்கு. அங்கே அழற்சி குடலின் உள்தோலோடு நின்றுவிடுகிறது. கிரோன் அப்படியில்லை, குடல் சுவரின் முழுத் தடிமனுக்கும் இறங்கும். என்னைப் போல் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நோய் இருப்பவர்களுக்கு இந்த மருந்தால் பெரிதாகப் பயனில்லை என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. ஐரோப்பிய மருத்துவர்களின் வழிகாட்டு நெறிகளும் கிரோனுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை. இருந்தும் ‘பக்கவிளைவு குறைவு, லேசான கேஸ்தானே’ என்று இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி! ஒன்பது மாதம் பொரி தின்றிருக்கிறேன் ஐயா, அதையும் நேரம் தவறாமல்!

ஓர் இடைச்செருகல். இந்த நோய்க்குக் கிரோன் பெயர் வந்த கதை தெரியுமா? 1932-இல் நியூயார்க்கில் மூன்று டாக்டர்கள் சேர்ந்து 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர். ஆங்கில அகரவரிசையில் கிரோன் முதலில் வந்தார், பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் 14 பேருக்கும் என்னைப் போலவே சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் பிரச்சினை. இதைப் படித்தபோது, சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்த மாதிரி ஓர் அற்ப சந்தோஷம்.

அடுத்தது புடசோனைட். இது ஸ்டீராய்டுதான், ஆனால் குடலில் வேலை பார்த்துவிட்டு ரத்தத்தில் ஏறும்போது ஏறத்தாழ 90 சதவீதத்தைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே அழித்துவிடும். அதனால் முகம் உப்புவது, எலும்பு தேய்வது எல்லாம் மற்ற ஸ்டீராய்டுகளைவிடக் குறைவு. 9 மில்லிகிராம், எட்டு வாரம். அந்த எட்டு வாரத்தைப் பற்றிக் கேளுங்கள்! தியேட்டரில் வரிசையின் நட்டநடுவில் உட்கார்ந்து இடைவேளை வரை எழாமல் படம் பார்த்தேன். யாருக்குமே அது செய்தி இல்லை. எனக்கு, நோய் வந்த பிறகு முதல் தடவை. படம் மகா மட்டம், அது வேறு கதை.

பிறகு 6, பிறகு 3, பிறகு நிறுத்தம். நிறுத்திய மூன்றாவது வாரம் வயிறு பழையபடி ஓடத் தொடங்கியது. “இத தொடர்ந்து குடுக்க முடியாது. தீயை அணைக்கத்தான் உதவும், மறுபடி பத்தாம பாத்துக்காது.” சரி டாக்டர், பற்றாமல் பார்த்துக்கொள்வது எது? “மெசாலமைனையே கன்டின்யூ பண்ணுங்க.” திரும்பவும் பொரியா!

இதற்கு நடுவில் மலப் பரிசோதனை. கால்ப்ரொடெக்டின் என்று ஒரு புரதம், குடலில் அழற்சி இருந்தால் மலத்தில் ஏறும். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது, 250-ஐத் தாண்டினால் உள்ளே எரிகிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். எனக்கு 480-இல் இருந்தது 190 ஆனது. டாக்டர் முகத்தில் தேர்வில் பிள்ளை பாஸான சந்தோஷம். “சூப்பரா எறங்கியிருக்கே!” எண் இறங்கிவிட்டது டாக்டர், நான்தான் இன்னும் கழிவறையை விட்டு இறங்கவில்லை. நாளுக்கு ஐந்து தடவை அப்படியேதான் இருக்கிறது. இதைச் சொன்னால் அடுத்து வருகிற வார்த்தை எது தெரியுமா? “டென்ஷன் ஆகாதீங்க.”

டென்ஷன் ஆகாதே. இந்தச் சொல்லுக்குத் தடை போட வேண்டும்.

டென்ஷனும் ஒரு காரணமாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அழற்சி குறைந்த பிறகும் வயிறு ஓடுவதற்கு உடம்புக்குள்ளேயே காரணங்கள் உண்டு. அதை எனக்குச் சொன்னது இன்னொரு டாக்டர். அன்று என் டாக்டர் விடுப்பு, பதிலுக்கு உட்கார்ந்திருந்த இளம் டாக்டர் ஒரு வெள்ளைத்தாளில் குடலை வரைந்தார். கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் பித்தநீரை அனுப்புகிறது. வேலை முடிந்ததும் அதிலுள்ள பித்த அமிலத்தில் சுமார் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சித் திருப்பி அனுப்பிவிடும். எனக்குக் கெட்டுப்போயிருப்பது சரியாக அந்த இடம். உறிஞ்சாமல் விட்ட பித்த அமிலம் பெருங்குடலுக்குள் போய்த் தண்ணீரை இழுக்கிறது, வயிறு ஓடுகிறது. “அழற்சிக்கான மாத்திரைய ரெண்டு மடங்கு ஆக்கினாலும் இது நிக்காது. இதுக்கு வேற மருந்து.” பி12 வைட்டமின் உறிஞ்சப்படுவதும் அதே இடத்தில்தான் என்று ரத்தத்தில் அதையும் பார்க்கச் சொன்னார். அளவு தரைமட்டம். நான்கு மாதமாகப் படியேறும்போது மூச்சு வாங்கியதற்கு “வயசாவுது இல்ல” என்று என்னைக் கிண்டல் செய்தவர்கள் வரிசையில் வந்து மன்னிப்புக் கேட்கலாம்.

ஒரு வெள்ளைத்தாள், மூன்று நிமிடம். இரண்டு வருடமாக இதை ஏன் யாரும் எனக்கு வரைந்து காட்டவில்லை?

பித்த அமிலத்தைப் பிடித்து வைக்கும் கொலஸ்டிரமைன் பொடி வந்தது. நீரில் கலந்தால் ஈர மணலைக் குடிப்பது போலிருக்கும். அது பித்த அமிலத்தோடு மற்ற மருந்துகளையும் சேர்த்துப் பிடித்துவிடும் என்பதால் மற்ற மாத்திரைகளை ஒரு மணிநேரம் முன்னால் போட வேண்டும், இல்லாவிட்டால் நாலைந்து மணிநேரம் கழித்து. என் போனில் ஒரு நாளைக்கு ஏழு அலாரம் அடிக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் நான் ஏதோ பங்குச்சந்தையில் இறங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் ஐந்து தடவை மூன்றானது. இந்த ‘மூன்று’க்கு நான் எவ்வளவு சண்டை போட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

அறிவுரைக்காரர்களை இரண்டு வரியில் முடிக்கிறேன், அவர்களுக்கு அதுவே அதிகம். காரத்தைக் குறை, பாலை நிறுத்து, நார்ச்சத்து சாப்பிடு, நார்ச்சத்தே சாப்பிடாதே. எல்லாம் அவரவர் வாய்க்கு வந்தது. ஒரு நண்பர் என் முதுகுவலிக்கு அன்போடு ஐபூபுரோஃபென் நீட்டினார். அந்த வகை வலிமாத்திரை கிரோனைக் கிளறிவிடலாம் என்று நான் மறுத்ததற்கு “ரொம்ப யோசிக்கிற நீ” என்றார். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன், அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டதும் என் வாயிலிருந்து வந்தது என்ன? அதே ‘பரவாயில்லை’. வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், என்னைவிட மோசமானவர்கள், இதைப் போய் விவரிப்பதா என்று ஒரு கூச்சம். அவர் கோப்பில் ‘நோயாளி நலம்’ என்று எழுதிக்கொண்டார். எழுதாமல் என்ன செய்வார்? நானே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு நோட்டு வாங்கினேன். இருபத்தெட்டு நாள். எத்தனை தடவை, எத்தனை மணிக்கு, வலி எங்கே, எதையெல்லாம் தவிர்த்தேன், எங்கே போகாமல் இருந்தேன். கடைசி இரண்டு கட்டங்கள்தான் நிறைந்துபோயின. நண்பன் வீட்டு விசேஷம், போகவில்லை. அலுவலகச் சுற்றுலா, போகவில்லை. நாலு மணிநேர பஸ் பயணம், முந்தின நாள் மதியத்திலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. வாயைத் திறக்காமல் அதை மேஜையில் வைத்தேன். அவர் இரண்டு பக்கம் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றினார். “இத ஏன் முன்னாடியே சொல்லல?”

அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நல்ல கெட்ட வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

இப்போது எம்.ஆர். ஸ்கேன் எழுதியிருக்கிறார், குடல் எங்காவது சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க. எனக்கு அடிவயிறு கலங்குவது இங்கேதான். அழற்சியை மருந்தால் அடக்கலாம். ஆறிய புண் தழும்பாகிக் குடல் குறுகிப்போனால் அந்தத் தழும்பை எந்த மாத்திரையும் கரைக்காது. பலூன் வைத்து விரிக்க வேண்டும், இல்லையென்றால் கத்திதான். வெளியே ‘லேசாக’ இருக்கும்போதே உள்ளே இது நடக்கலாம். மோசமானால் நல்ல மருந்து தருகிறோம், அதுவரை பொறு என்பது என்ன கணக்கு? வீடு முழுக்க எரிந்த பிறகுதான் வண்டி அனுப்புவோம் என்று தீயணைப்பு நிலையத்தில் சொன்னால் சும்மா விடுவோமா?

அடுத்து அசாதயோப்ரின் என்கிறார், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் மருந்து. உடம்பு அதைத் தாங்குமா என்று முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை. தாங்கும் என்று வந்தால் ஆரம்பித்து, வெள்ளணு குறைகிறதா என்று அடிக்கடி ரத்தம் கொடுத்துக்கொண்டே, பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதுவும் பிடிக்காவிட்டால் ஊசி மருந்துகள் இருக்கின்றனவாம். இருக்கட்டும். காத்திருக்கத்தான் எனக்கு நன்றாகத் தெரியுமே, இரண்டரை வருடப் பயிற்சி.

சித்தியின் மெசேஜ் இன்னும் அப்படியே இருக்கிறது. ‘ப’ என்று தட்டியதும் போன் தானாகவே ‘பரவாயில்லை’யை எடுத்து நீட்டுகிறது, அதற்கே பழகிவிட்டது. அழித்தேன். “சரியாகல சித்தி. மாத்திரை பாதிதான் கேக்குது. காலைல இருந்து மூணு தடவை போயிட்டேன். வேற மருந்து மாத்தப் போறாங்க” என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு நீல டிக். ரொம்ப நேரம் டைப் செய்துகொண்டே இருந்தார். ஏதோ பெரிதாக வருகிறது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். வந்தது:

“அய்யோ கண்ணு. லேசுதான்னு உங்கம்மா சொன்னாளே?”