14 பின்னையும் கழற்றிவிட்டு வந்து சிரிங்க

வடசென்னைக் கடையில் கேம் கண்ட்ரோலரை ரிப்பேருக்குக் குடுத்து ஏமாந்துட்டேன்னு ஒருத்தர் போட்டிருக்காரே, அந்த வீடியோவை இனிமே எனக்கு யாரும் அனுப்ப வேண்டாம். பார்த்தாச்சு, ரெண்டு தடவை பார்த்தாச்சு. லிங்க் இங்கே போட மாட்டேன். என் பக்கத்திலிருந்து அவருக்கு ஒரு வியூ கூடப் போகக் கூடாது.

சோனி பிளேஸ்டேஷன் 5-ஓட டூயல்சென்ஸ் கண்ட்ரோலர், இடது ஸ்டிக்கில் டிரிஃப்ட், அதாவது கை படாமலே தானா நகர்ற கோளாறு. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் குடுத்தாராம், சரியாச்சாம், பதினஞ்சு நாளில் திரும்ப வந்துடுச்சாம். அதுக்கு, "நம்ம ஏரியால குடுத்தா சோக்கா செஞ்சு குடுப்பாங்க நைனா"ன்னு குரலை மாத்தி ஒரு மிமிக்ரி. பின்னாடி கானா பீட் வேற.

சிரிக்கட்டும். ஆனா அதே வீடியோவில் பேட்டரியையும் அது உட்கார்ற டிரேயையும் எடுத்துட்டு போர்டைக் காட்டுற இடத்தில் நிறுத்திப் பாருங்க. ஸ்டிக்குக்கு அடியில் இருக்கிற மாட்யூலோட பின்களில் கம்பெனி சால்டர், அதாவது பின்னை போர்டோட ஒட்டுற உலோகம், அப்படியே இருக்கு. ஒரே அளவு, ஒரே மினுமினுப்பு. சால்டரிங் அயர்ன் பட்ட தடம் இல்லை, சால்டர் நல்லா ஒட்டத் தடவுற ஃபிளக்ஸோட கறை இல்லை. அந்த மாட்யூலை யாரும் தொடவே இல்லை. அடுத்ததா பில்லை எடுத்து கேமரா முன்னாடி ஆட்டுறார். அதில் என்ன எழுதியிருக்கு? "கிளீனிங் 200". கிளீனிங்குக்குக் காசு குடுத்தார், கிளீன் பண்ணிக் குடுத்தாங்க. இதில் யாரு யாரை ஏமாத்தினாங்க?

கிளீனிங் வேற, மாட்யூல் மாத்துறது வேற. இந்தப் பதிவு முழுக்க இதைத்தான் சொல்லப் போறேன். சலிப்பா இருந்தா இங்கேயே கிளம்பிடலாம்.

ஸ்டிக்குக்கு அடியில் ஒரு மாட்யூல் இருக்கு. அதோட ரெண்டு பக்கத்திலும் ஒவ்வொரு பொட்டன்ஷியோமீட்டர், ஒண்ணு இடவலத்துக்கு, இன்னொண்ணு மேல்கீழுக்கு. பழைய ரேடியோவில் வால்யூம் திருகுவோமே, அதே சங்கதிதான், நகத்தளவுக்குச் சின்னது. பக்கவாட்டு மூடியை நெம்பி எடுத்தா, குதிரை லாட வடிவத்தில் கறுப்பா ஒரு கார்பன் தடம் தெரியும். அதுமேல மெல்லிசான உலோக விரல்கள் உரசிக்கிட்டே போகும். விரல் எங்கே நிக்குதோ அந்த இடத்து வோல்டேஜை போர்டு படிச்சு 0-லிருந்து 255-க்குள்ள ஒரு எண்ணா மாத்தும். கையை எடுத்தா 127, 128-ல் நிக்கணும்.

நல்லா அடிபட்ட மாட்யூலைத் திறந்து லைட்டுக்குக் கீழே சாய்ச்சுப் பாருங்க. தடம் முழுக்க மங்கலான கறுப்பு. நடுவில் மட்டும் பளபளன்னு ஒரு கோடு ஓடும். விரல் தேய்ச்சுத் தேய்ச்சு வழிச்ச இடம் அது. காது குடையுற பட்ஸால் துடைச்சா கறுப்பா மாவு ஒட்டும். அந்த மாவுதான் கார்பன். எண் 140, 150-ன்னு தள்ளி நிக்குது, கேமில் ஆள் தானா நடக்க ஆரம்பிக்கிறான். இதுக்குப் பேர்தான் டிரிஃப்ட்.

99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுக் கழுவினா மாவு போயிடும், சில நாள் நல்லாத்தான் ஓடும். ஆனா தேய்ஞ்ச தடம் கழுவினா முளைச்சு வராதே! உரசல் நிக்கப் போறதில்லை, மாவு மறுபடி சேரும். பதினஞ்சு நாளில் திரும்ப வந்துச்சுன்னா அது கடைக்காரர் பண்ண மோசடி இல்லை. கிளீனிங்கோட ஆயுசே அவ்வளவுதான்.

"அப்போ அதை முதலிலேயே சொல்லியிருக்கணும்ல?" ஆமா, சொல்லியிருக்கணும். சொன்னாங்களா இல்லையான்னு அந்த வீடியோவில் இல்லை. கடைக்காரர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இருந்திருக்கும்.

இப்ப மாட்யூல் மாத்துற வேலைக்கு வருவோம், "பத்து நிமிஷ வேலை"ன்னு அதே வாயால் சொன்னாரே, அது. ரெண்டு பொட்டன்ஷியோமீட்டருக்கு மூணு மூணா ஆறு பின், அழுத்துற பட்டனுக்கு நாலு, உலோகக் கூட்டுக்கு நாலு கால். ஆக மொத்தம் 14. அத்தனையும் ஒரே நேரத்தில் இளகினாத்தான் மாட்யூல் வெளியே வரும். கம்பெனி போடுறது ஈயம் இல்லாத சால்டர், உருகவே 217 டிகிரி கிட்ட வேணும். அதிலும் கூட்டுக் கால்கள் கிரவுண்டு காப்பரோட சேர்ந்திருக்கும், வைக்கிற சூட்டையெல்லாம் போர்டே குடிச்சிடும். அதனால முதல்ல ஃபிளக்ஸ் தடவி, 183 டிகிரியில் உருகுற ஈய சால்டரை ஒவ்வொரு பின்னிலும் கலக்கணும். கையில் வசதி இருந்தா 138 டிகிரியிலேயே இளகுற பிஸ்மத் சால்டர். அப்புறம் உருகின சால்டரை உறிஞ்சுற சக்கர் பம்பால் இழுத்து, மிச்சத்தை விக்குங்கிற செம்புப் பின்னலை வெச்சு ஒத்தி எடுத்து, மாட்யூல் லேசா ஆடுதான்னு பார்க்கணும். ஆடலைன்னா இழுக்கவே கூடாது. அவசரத்தில் இழுத்தா ஓட்டைக்குள்ள இருக்கிற செம்பு வளையம் பின்னோடவே பிடுங்கிக்கிட்டு வரும். அப்புறம் ஸ்டிக் ஒரு பக்கமா ஒட்டி நிக்கும், முடி மாதிரி ஒயரை வெச்சு ஜம்பர் அடிக்கணும்.

அதோட முடிஞ்சுதா? இல்லை. பழைய மாட்யூலோட நடு எதுன்னு கண்ட்ரோலர் மெமரியில் ஃபேக்டரியிலேயே எழுதியிருப்பாங்க. புது மாட்யூலோட நடு கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோட சேர்த்து, குரோம் பிரவுசரில் காலிபிரேஷன் டூலைத் திறந்து நடுவையும் சுத்து வட்டத்தையும் மறுபடி பதியணும். நிரந்தரமா சேவ் பண்ணாம எழுந்தா ரீசெட் ஆனதும் பழைய நிலைமைதான். நல்ல மாட்யூலைப் போட்டும் "டிரிஃப்ட் போகலை"ன்னு திரும்பி வர்ற கேஸ்களில் பல, இந்தக் கடைசி ஸ்டெப்பை விட்டதுதான். பத்து நிமிஷமாம்!

சரி, கமெண்டில் வரப் போறதையும் நானே எழுதிடறேன்.

"லோக்கல் கடையில் ஒரிஜினல் பார்ட்ஸைச் சுட்டுடுவாங்க." சுடுறவனும் இருக்கான். தி.நகரிலும் இருக்கான், வேளச்சேரியிலும் இருக்கான். அங்கே நடந்தா கடையைத் திட்டுறீங்க. இங்கே நடந்தா ஏரியாவைத் திட்டுறீங்க.

"வாரன்டியில் குடுக்கலாமே." ஒரு வருஷத்துக்குள்ள இருந்தா கண்டிப்பா அங்கேதான் குடுக்கணும், திறக்கவே கூடாது. அதில் எனக்குச் சண்டையே இல்லை.

"ஹால் எஃபெக்ட் வாங்கிடுங்க, பிரச்சினையே வராது." இதைச் சொல்றவங்க மேலதான் எனக்குக் கொஞ்சம் கோபம். காந்தத்தை வெச்சுப் படிக்கிற அந்த முறையில் உரசல் இல்லை, கார்பன் தேயாது, உண்மைதான். ஆனா அது என்ன நேத்து வந்த வித்தையா? 1998-ல் ஜப்பானில் வந்த சேகா டிரீம்காஸ்ட் கண்ட்ரோலரிலேயே இருந்தது. நின்டெண்டோ சுவிட்ச் கேம் மெஷினோட கண்ட்ரோலரான ஜாய்கானில் டிரிஃப்ட், டிரிஃப்ட்னு உலகமே கத்தி, கம்பெனித் தலைவர் 2020-ல் வருத்தம் தெரிவிச்சார். அப்புறம் 2025-ல் சுவிட்ச் 2 வருது, அதிலும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் கிடையாது. சோனி, ஸ்டிக் மாட்யூலைக் கையாலேயே கழற்றி மாட்டுற மாதிரி 2023-ல் விலை கூடின டூயல்சென்ஸ் எட்ஜில் குடுத்தாங்க. ஆக, அவங்களுக்கு இந்த வேலை தெரியும். அதிகக் காசு குடுக்கிறவனுக்கு மட்டும்தான் செஞ்சு குடுப்பாங்க. சாதா டூயல்சென்ஸ், இந்தியாவில் இறங்கின புதுசில் 5,990 ரூபாய், அதில் அதே பார்ட்டை 14 பின்னால் போர்டோட சேர்த்து அடிச்சாச்சு. கார்பன் மாட்யூல் ஒண்ணு நூறு ரூபாய் சுத்தித்தான் வரும்.

அந்த 5,990-ஐப் பத்தி வீடியோவில் ஒரு வார்த்தை உண்டா? கிடையாது. 200 ரூபாய் பில்தான் கண்ணுக்குத் தெரியுது.

தண்டையார்பேட்டை பக்கம் கேமிங் சென்டர்களில் போய்ப் பாருங்க. ஒரு டிவிக்கு நாலு பசங்க, எப்பவும் ஃபுட்பால் கேம்தான். இடது ஸ்டிக்கை முன்னாடி தள்ளிப் பிடிச்சபடியே முழு மேட்சும் ஓடுவாங்க, அதனால தடத்தின் மேல் பாதிதான் முதல்ல போகும். தோத்தவன் "ஸ்டிக்கு தானா போவுதுண்ணா"ம்பான். ஓனர் டெட்ஜோனை, அதாவது ஸ்டிக் நடுவில் லேசா நகர்றதைக் கேம் கண்டுக்காம விடுற அளவை, ரெண்டு புள்ளி ஏத்தி வெச்சுட்டு, "இப்ப ஆடு, சும்மா சாக்கு சொல்லாத"ம்பார். புதுசு வாங்கச் சொல்லி அங்கே அறிவுரை சொல்ல ஆள் கிடையாது. அந்த சென்டர்கள் ஓடுறதே இந்த மாதிரிக் கடைகளை நம்பித்தான். கடல் காத்தின் உப்பும் எண்ணூர் ரோட்டில் லாரி கிளப்புற புழுதியும் சேர்ந்து சார்ஜிங் போர்ட்டைத் தின்னுடும். அதையும் அதே மேஜையில் அதே ஆள்தான் மாத்துறார்.

"ஏரியாக்காரன்னு வக்காலத்து வாங்கறியா?" வாங்கறேன். என்ன இப்போ? 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பினது ராயபுரத்திலிருந்து. 1955-லிருந்து ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் பெட்டி செய்றாங்க, நீங்க செல்ஃபி எடுக்கிற வந்தே பாரத் பெரம்பூரில்தான் பொறந்தது. திருவொற்றியூரில் புல்லட் பைக் செஞ்சாங்க. ரயில் பெட்டியை நம்பி ஏறுவீங்க, அதே ஊர்க்காரன் கையில் அயர்னைப் பிடிச்சா மட்டும் சிரிப்பு வருது. கண்ட்ரோலருக்கும் ரயிலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். "நைனா"வுக்கும் கண்ட்ரோலருக்கும் என்ன சம்பந்தமோ, அதே சம்பந்தம்தான்.

வீடியோவில் கடையோட பேர்ப்பலகையை மறைக்கக்கூட இல்லை. இன்னிக்குக் காலையில் அந்தப் பக்கம் போனவர் ஒரு போட்டோ அனுப்பினார். ஷட்டர் பக்கத்தில் அட்டையில் மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கு: "கிளினிங் வேற. மாடியூள் வேற. கேட்டு குடுக்கவும்." ரெண்டு எழுத்துப் பிழை இருக்கு சார். அடுத்த வீடியோவுக்கு ஆகும், எடுத்துக்கங்க.